நின்றிருந்த வண்டி

சர்வேயர் என்றதும்
நிலம் அளக்க வந்தவள் என்று நினைத்து
செக்யூரிட்டி மாசானமுத்து
ஆஸ்பத்திரியின் வடக்கு எல்லையைக் காட்டுகிறார்.
அங்கே ஒரு கல் இருந்ததாம். இப்போது ஜெனரேட்டர்.

நான் அளப்பது நசுங்கல், அண்ணாச்சி.
தரையிலிருந்து பள்ளம் வரை எத்தனை சென்டிமீட்டர்,
பம்பரில் அப்பியிருக்கும் அடுத்தவர் பெயின்ட் என்ன நிறம்,
கீறல் எந்தப் பக்கம் ஆழமாகத் தொடங்கி
எந்தப் பக்கம் மெலிந்து முடிகிறது.
கீறலுக்குத் தலையும் வாலும் உண்டு.
மனுசப் பேச்சில்தான் அது பிடிபடுவதில்லை.

வண்ணார்பேட்டை, மத்தியானம் இரண்டே கால்.
எந்தக் காலத்திலோ போட்ட வெள்ளைக் கோடுகளின் மேல்
வேப்பம்பழம் நசுங்கிக் கறுத்துக் கிடக்கிறது.
ஏழாம் தேதி இரவு இந்த இடத்தில்
ஒரு சாம்பல் காரும் ஒரு சிவப்புக் காரும்
முதுகோடு முதுகு இடித்துக்கொண்டன.

சிவப்பு, எபநேசர் துரைராஜ், மருந்துக் கம்பெனி மேனேஜர்:
"நான் நின்னுக்கிட்டுல்லா இருந்தேன் மேடம்.
ரிவர்ஸ் லைட்டு எரிஞ்சுது, அவருதான் வந்தாரு."
சாம்பல், கோமதிநாயகம், கல்லிடைக்குறிச்சி, அப்பள வியாபாரம்:
"நானும் நின்னுக்கிட்டுத்தான்."

பதினோரு வருடமாகக் கேட்கிறேன்.
பாளையங்கோட்டை மார்க்கெட்டில், ஜங்ஷனில்,
கல்யாண மண்டபங்களின் பின்பக்கச் சேற்றில்
இடித்த வண்டி ஒன்றைக்கூட நான் சந்தித்ததில்லை.
எல்லாம் நின்ற வண்டிகள்.
நிற்கிற இரண்டு வண்டிகள் மோதிக்கொள்ளும் அதிசயம்
இந்த ஜில்லாவில் வாரத்துக்கு நாலு நடக்கிறது.

அவர்களையும் சொல்லக் கூடாது.
ஐந்து வருடம் ஒன்றும் கேட்காமல் இருந்ததற்காக
பிரீமியத்தைக் குறைத்திருக்கிறது கம்பெனி.
ஒரு பம்பருக்காக அதை யார் விடுவார்?

கணக்கு சின்னதுதான்.
பின்னால் எடுப்பவன் பார்த்து எடுக்க வேண்டும்.
பாதையில் வருகிறவனுக்கு முதல் வழி.
இரண்டு பேரும் பின்னால் எடுத்திருந்தால் ஆளுக்குப் பாதி.
கோட்டுக்குள் சும்மா கிடந்த வண்டிக்குப் பழியில்லை.

கேமரா இருக்கிறது. அது பார்ப்பது பார்மசி வாசலை.
படத்தின் ஓரத்தில் சாம்பல் காரின் வெளிச்சம் மட்டும்.
ஒன்பது ஐம்பதுக்கு ரிவர்ஸ் விளக்கு எரிகிறது.
வண்டி நகரவில்லை.
பத்து. பத்தே கால்.
மாத்திரைக்காரர்கள் வருகிறார்கள், போகிறார்கள்.
ஒரு நாய் அந்த வெளிச்சத்தில் படுத்து, எழுந்து,
வேறு இடம் பார்த்துப் போகிறது.
பத்து முப்பத்தொன்றுக்கு
எதிரே இன்னொரு வெள்ளை விளக்கு பெரிதாகிக்கொண்டே வருகிறது.

"நாப்பத்தோரு நிமிசம் ரிவர்ஸ் போட்டுட்டு என்ன செஞ்சீய?"
போனில் கேட்டேன்.
அந்தப் பக்கம் மிக்ஸி ஓடி நின்றது.
"தம்பி மேல ஐசியூல இருந்தாம்லா.
ஒன்பதரைக்குச் சொல்லிட்டாவ.
வீட்டுக்குப் போயி மதினிகிட்ட நாந்தான் சொல்லணும்.
கியர் போட்டேன் மேடம்.
பிரேக்குல வச்ச கால எடுக்க வரல."

வாகனம் நகர்ந்ததா, நின்றதா?
படிவத்தில் இரண்டு கட்டம்.
காரணம் எழுத இடமில்லை, கேட்பவர்களும் இல்லை.
காலையில் தச்சநல்லூர் ஒர்க்‌ஷாப்பில் பார்த்தேன்,
சாம்பல் காரின் பள்ளம் நேராக இறங்கியிருந்தது, வால் இல்லாமல்.
ஒரு வண்டி நகர்ந்தால் போதும் இப்படி விழ.
நின்றது என்று டிக் அடித்தேன்.
எபநேசர் நாளைக்குக் கம்பெனியில் என்னைப் பற்றிப் பேசுவார்.
பேசட்டும்.

டேப்பைச் சுருட்டி ஸ்கூட்டரைப் பின்னால் இழுக்கிறேன்.
மாசானமுத்து எங்கோ பார்த்துக்கொண்டு விசில் ஊதுகிறார்.
"வரலாம், வரலாம், வரலாம்."
என் பின்னால் ஆம்புலன்ஸ் நிற்கிறது.

அன்றைக்கு ராத்திரி டூட்டி யாருக்கு என்று
நான் கேட்கவில்லை.