எட்டு விரல்

புஸைத்தாவில் வயலுக்கு மூலை கிடையாது.
தண்ணீர்க் கை சுழலும் தூரம்வரை கோதுமை,
அதற்கு மேல் ஓரடி தள்ளினாலும் மணல்.
பதினேழாம் நம்பர் வட்டம்
இன்று இரவுக்குள் முடிய வேண்டும் என்கிறான்
சூடான்காரன் தய்யிப்.
முடித்தால் முப்பது ரியால்,
சம்பளத்துக்கு மேலே.

நாற்பது அடி ஹெடர்.
திருகு உருளை இல்லாத வகை, ரப்பர் பெல்ட்.
இரண்டு பக்கத்துக் கதிரையும்
படுத்த வாக்கிலேயே நடுவுக்குக் கொண்டுவரும்,
ஆஸ்பத்திரி வராண்டாவில்
ஸ்டிரெச்சர் போவதுபோல்.
பெல்ட்டின்மேல் எனக்குப் புகார் இல்லை.
எவ்வளவு கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும்,
முனகாது.
வினையே அதுதான்.

ஆறு கிலோமீட்டரில்
கத்தி ஒருமுறை அந்தப் பக்கம் போய்ச் சேர்வதற்குள்
வண்டி நாலு விரல் நகர்ந்திருக்கும்.
கத்திப் பல்லின் ஆழமும் நாலு விரல்.
கணக்கு நேர்.
பன்னிரண்டில் எட்டு விரல்.
கத்திக்கு மட்டும் அதே வேகம்,
நிமிடத்துக்கு ஆயிரத்து இருநூறு,
வண்டி செய்தவன் வைத்தது.
மீதி நாலு விரலில் நிற்கும் தாளைக்
கத்தி முதலில் தள்ளுகிறது.
தள்ளித் தள்ளி, சாய்ந்தபின்
எங்கோ ஓரிடத்தில் அறுக்கிறது
அல்லது கிழிக்கிறது.
சில தாள்கள் குனிந்து அடியில் போய்
வண்டி தாண்டியதும் நிமிர்கின்றன,
கதிரோடு.

கேபினில் இது எதுவும் தெரியாது.
ஏசி இருபத்திரண்டு.
ஸ்கிரீனில் பச்சை. இழப்பு: குறைவு.
வயிற்றுக்குள் போய்ப் பின்னால் சிந்தும் மணியைத்தான்
அது எண்ணும்.
வாய்க்கே வராததை
எந்த சென்சார் எண்ண?

பக்கத்து வட்டத்தில் வளனரசு பதிமூன்றில் போகிறான்.
வயர்லெஸ்ஸில் சிரிக்கிறான்:
"என்ன சின்னையா,
ஆத்தூர் சேத்துல செயின் வண்டி ஓட்டுற நெனப்பா?"
நானும் ஏற்றினேன். பன்னிரண்டு.
மகள் பல்லுக்குக் கம்பி கட்ட
டாக்டர் சொன்ன தொகைக்கு
இன்னும் பதினோரு வட்டம் பாக்கி.

ஒரு மணிக்கு
குல்ஸமான் டிராக்டரை ஒட்டி நிறுத்தி
தானியம் வாங்கிக்கொண்டிருந்தபோது
ஒன்றுக்குப் போக இறங்கினேன்.
போன் வெளிச்சத்தில் அரிதாள்.
சண்டை போட்டுக்கொண்டே சவரம் செய்த முகம் மாதிரி.
ஒருசாண் உயரம், அரைச்சாண், மறுபடி ஒருசாண்,
நடுநடுவே கோடு பிடித்தாற்போல்
நிமிர்ந்த கதிர்கள்,
நான் போன வழியெல்லாம்
வளைந்து வளைந்து வந்து
என்னைக் காட்டிக்கொடுத்தபடி.

டூல் பெட்டியில் தய்யிப் பற்றவைத்த கம்பிச் சட்டம் இருந்தது.
வீசினேன். உள்ளே விழுந்ததை எண்ணினேன்.
பதினாறு கதிர்.
இன்னோரிடத்தில் ஒன்பது.
மூன்றாவது வீச்சை எண்ணவில்லை.

"க்யா ஹுவா?" என்றான் குல்ஸமான்.
ஒன்றுமில்லை என்றேன்.
ஏறி உட்கார்ந்து ஆறுக்கு இறக்கினேன்.
இரவு ஈரத்தில் தாள் முறுக்கேறியிருந்தது,
ஆனாலும் அறுபட்டது.
சத்தமே வேறு.
வளனரசு முடித்துவிட்டுத் தூங்கப் போனான்,
ஹாரன் அடித்துக்கொண்டு.

என் வட்டம் முடிய வெயில் வந்துவிட்டது.
இரவு என்பது எதுவரை என்று
தய்யிப்போடு வாதாட
என்னிடம் அவ்வளவு அரபி இல்லை.

எட்டு மணிக்கு ஆடுகள் வந்தன, முந்நூறு.
அரிதாளைக் குத்தகைக்கு எடுத்தவர் யாரோ,
மேய்ப்பவன் மொக்லேஸ், சில்ஹெட்காரன்.
விளிம்பிலிருந்து உள்ளே
தலை தூக்காமல் தின்றுகொண்டு போயின.
"இந்தப் பக்கம் ஓட்டினவன் நல்ல டிரைவர்,
பக்கத்து வட்டக்காரன் அவனைவிட நல்லவன்"
என்றான், பீடியைப் பற்றவைத்து.
யார் என்று நான் சொல்லவில்லை.

நான் ஒரு மணிக்கு இறங்கிய இடம் வந்தது.
கோடு கிழித்ததுபோல் அங்கே
ஆடுகள் தலையைத் தூக்கிச்
சுற்றுமுற்றும் பார்த்தன.
"இதுக்கப்புறம் யாரோ கஞ்சன்"
என்றான் மொக்லேஸ்.