நான்காம் திருத்தம்

வூச் நகரின் டிராம் பணிமனைக்குப் பின்னால்
ஓட்டுநர்களின் உணவறை.
வியாழன் இரவு ஒன்பதுக்கு மேல் எங்கள் ராஜ்ஜியம்.
சூடேற்றும் குழாய் இருமிக்கொண்டே இருக்கும்.
பீட்ரூட் சூப் வாசனை சுவரைவிட்டுப் போகாது.

வரைபடம், பழைய கால அட்டவணையின் பின்பக்கம்.
பனியரசன் நாடு என்று நான் கோடிழுத்த இடத்தில்
மறுபக்கத்து எண்கள் மங்கலாய்த் தெரியும்:
பத்தாம் எண் வண்டி, 5.42, 5.57.

அச்சடித்த புத்தகத்தில் எல்லாம் சுலபம்.
நூறு பொற்காசு, ஒரு கொல்லன்,
வாள் ஒரு படி ஏறிவிடும்.
மூன்றே மாதத்தில் ஆளாளுக்குக் கையில்
நெருப்புக் கக்கும் ஏதோ ஒன்று.
அரக்கர்கள் பாவம், வரிசையில் நின்று செத்தார்கள்.
கொட்டாவி விட்டபடி கொன்றோம்.

அதனால் பென்சிலால் எழுதினேன்:
காசுக்குக் கூர்மை கிடையாது.
பகடையில் ஒன்று விழுந்தால் ஆயுதத்தில் ஒரு பல் உடையும்
(தாயம் என்று துள்ளுகிற ஆட்டமில்லை இது).
மூன்று பல் போனதற்குத்தான் பெயர் வைக்கலாம்.
பெயர் உள்ளதுதான் படி ஏறும்.
ஏறும் முன், அது செய்ததில்
சொல்லக் கூசும் ஒன்றை
மேசையில் சொல்ல வேண்டும்.

வில்லுக்கு ஏது பல் என்றாள் யாக்னா.
நாண் அறுந்தால் பல் என்று ஓரத்தில் சேர்த்தேன்.
அது முதல் திருத்தம்.
வில்லுக்கு அவள் வைத்த பெயர் மாமியார்,
தூரத்திலிருந்தே குத்துமாம்.
சிரித்து முடித்ததும் சொன்னாள்:
"அவன் கையைத் தூக்கினதைப் பார்த்தேன்.
அம்பு கிளம்பியாச்சு என்றேன் அன்று.
கிளம்பியிருக்கவில்லை."

லூட்சியான் கண் கலங்கப் பொய் சொன்னான்.
எரியும் குடிசை, உள்ளே குழந்தை.
அப்படியொரு குடிசையே என் வரைபடத்தில் இல்லை.
இருந்தும் ஒரு படி கொடுத்தேன், பொய்யும் உழைப்புதானே.
இரண்டாம் திருத்தம்: நடந்ததாக இருக்க வேண்டும்.
மூன்றாவது, லூட்சியானுக்காகவே: அழக் கூடாது.

போஜிதார் மட்டும் கேட்கவே இல்லை.
இரவு வண்டி ஓட்டுபவன், பேச்சுக் குறைவு.
பத்தொன்பது பல் உடைந்த கோடரி.
"கோடரியா, சீப்பா?" என்பாள் யாக்னா.
பெயரில்லாமலே பதினோரு மாதம் வீசினான்.

போன வியாழன் பாலத்தில் பனியரசன்.
அவனுக்குப் பதில் உப்புக் குப்பி நின்றது.
மாமியார் தோற்றாள். லூட்சியான் மூர்ச்சை.
கோடரி ஒரு படி ஏறினால் உயிர் தப்பலாம்.
எல்லாரும் போஜிதாரைப் பார்த்தோம்.
பகடையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே
"படகுக்காரன் நினைவிருக்கிறதா?" என்றான்.

யாருக்கும் இல்லை.

"இரண்டாவது வாரம். இரண்டு காசு கூலி கேட்டான்.
வேடிக்கைக்கு வெட்டினேன், நீங்கள் சிரித்தீர்கள்.
அவன் பெயர் என்னவென்று உன்னிடம் கேட்டேன்.
சும்மா ஒரு படகுக்காரன் என்றாய்."

நோட்டைப் புரட்டினேன். என் கையெழுத்துதான்:
படகுக்காரன் 1. உயிர் 4.
அதன்மேல் ஒரு கோடு.

குழாய் இருமியது.
அழிப்பானை எடுத்தேன், எதை அழிப்பதென்று தெரியவில்லை.
பிறகு அடியில் எழுதினேன்:
செத்தவனுக்கு முதலில், ஆயுதத்துக்கு அப்புறம்.

பதினொன்று நாற்பது வரை பெயர் தேடினோம்.
யாக்னா சொன்னது ஏதோ பாதிரியார் பெயர்போல் இருந்தது.
லூட்சியான் மூர்ச்சையிலிருந்தே மூன்று சொன்னான்.
போஜிதார் சீருடைக் கோட்டை மாட்டிக்கொண்டு
"ஹிலாரி" என்றான்,
எப்போதோ வைத்துவிட்ட பெயரைச் சொல்வதுபோல்.
வண்டி எடுக்கப் போய்விட்டான்.

உப்புக் குப்பி பாலத்திலேயே நிற்கிறது.
காலையில் யாரோ முட்டைக்குத் தூவிவிட்டு
அதே இடத்தில் வைத்திருக்கிறார்கள்.