நிறைந்து வந்த கிண்ணம்

ஆறு நாள் சிவதாபுரம் பட்டறையில்
கொலுசுக்கு மெருகேற்றும் பூந்திக்கொட்டை நுரை.
ஞாயிறன்று அதே நுரையில்
திருவிருந்துக் கிண்ணங்கள்.

நூற்று நாற்பத்து மூன்று.
அடியில் ஒட்டிய திராட்சைத் துளி,
ஒன்றிரண்டில் உதட்டுச் சாயம்.
"பிளாஸ்டிக் வாங்கிடலாம்,
மேட்டூர் தண்ணி நாலு நாளைக்கு ஒருக்காத்தானே"
என்கிறார் பொருளாளர்.

இன்று ஒன்று நிறைந்தே வந்தது.

மூன்றாம் வரிசை, சாலமோன் ஞானசிகாமணி.
கமிட்டித் தேர்தல் முடிந்து ஏழு மாதம்;
தம்பி எதிர்ப்பக்கம் உட்காருகிறார்,
மின்விசிறிக்குக் கீழே.
இவர் முழங்காலிட்டார், வாங்கினார்,
உதடுவரை கொண்டுபோய்
வைத்துவிட்டார்.

இது இன்னும் வெறும் ரசம்தானா?
ஐயரிடம் கேட்டேன்.
அடுத்த ஆராதனைக்குச் சூரமங்கலம் போகும் அவசரம்.
"மண்ணுல ஊத்தும்மா, சாக்கடையில வேணாம்."

நாங்கள் நூற்று நாற்பத்திரண்டு பேர்
மடக்கென்று குடித்துவிட்டு
அறுப்புப் பண்டிகை பிரியாணிக்கு வரிசையில் நின்றோம்.
பயந்தது அவர் ஒருவர்தான்.
குடிக்காததைவிடப் பெரிய விசுவாசம்
எனக்கு இருக்கிறதா, தெரியவில்லை.

வேம்படியில் குனிந்தேன்.
சாய்க்கக் கை வரவில்லை.

கேட்டுக்கு வெளியே வெயிலில்
இரண்டு ஸ்கூட்டர்கள் இன்னும் நிற்கின்றன,
ஒன்று முதலில் கிளம்பட்டும் என்று
மற்றது.