ஈரத்துக்குக் கழிவு

மண்டபம் எடைமேடையில்
பகலெல்லாம் லாரி நிறுக்கிறேன்.
பனிக்கட்டி, கருவாடு, செங்கல்.
பத்துக் கிலோவுக்குக் கீழே
அந்த மேடைக்குக் கண் தெரியாது.
சுமையோடு ஏறும்போது ஓட்டுநர் உள்ளே இருப்பார்,
வெறும் வண்டி நிறுக்கையில் இறங்கி நிற்பார்.
அந்த எழுபது கிலோவும்
கருவாட்டு விலைக்குப் போகும்.
எனக்கு அதில் ஒரு டீ உண்டு.

இரவில் வேறு தராசு.
மின்விசிறியை நிறுத்தாமல்
அதில் எதையும் வைக்க முடியாது.

இருதயமேரி சனிக்கிழமை வந்தாள்,
சின்னப்பாலத்தில் பாசி எடுக்கிறவள்.
பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் சுற்றிய துணி
இன்னும் இரண்டு விரலில் இருந்தது.
செல்போன் உறையைக் கழற்றி
அதன் பின்னாலிருந்து எடுத்து வைத்தாள்:
சட்டைப் பொத்தானைவிடச் சிறிய பொன் பணம்.
மரிக்கொழுந்துப் பாசியின் அடியில்
சிப்பித்தூளோடு ஒட்டிக்கொண்டு வந்ததாம்.

மூன்று குன்றிமணி எடை.
உருப்பெருக்கியில் ஒரு பக்கம்
காளையோ, கால் மடக்கிய ஆளோ.
மறுபக்கம் ஓர் எழுத்து,
பாதி காசுக்கு வெளியே விழுந்திருந்தது.
போலி செய்கிறவன் எழுத்தை நடுவில் வைப்பான்.
இதை அடித்தவனுக்கு
பொழுது சாய்ந்தால் போதும் என்றிருந்திருக்கிறது.
விளிம்பில் வார்ப்புத் தடம் இல்லை.
என் காது சூடானது.

"தங்கத்துக்கு இரண்டாயிரத்து முந்நூறு வரும்" என்றேன்.
பொய் இல்லை.
சென்னையில் ஒருவர் இருபதாயிரம் தருவார் என்பது
தங்கத்தைப் பற்றிய செய்தி அல்லவே.

அவள் தராசையே பார்த்தாள்.
"ஈரத்துக்குக் கழிச்சாச்சா?"

எனக்கு விளங்கவில்லை.

"நூறு கிலோ பாசி கொண்டுபோனா
ஈரத்துக்கு முப்பது, மண்ணுக்குப் பத்து,
சாக்குக்கு ரெண்டு.
மூணு நாள் வெயில்ல காய வச்சதுக்கும்
ஈரத்துக்குன்னு கழிப்பாக.
அதான் கேட்டேன்."

மின்விசிறி நின்ற அறை.
என் மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு
தராசுத் தட்டுக்குப் பக்கத்தில் விழுந்தது.
ஓராயிரம் சேர்த்தேன்.
பிறகு இன்னும் ஐந்நூறு.
ஏன் ஏறுகிறது என்று அவள் கேட்கவில்லை,
ஏறும்வரை உட்கார்ந்திருந்தாள்.
பாம்பன் பக்கம் ரயில் ஒன்று
ஊர்ந்து போய் முடிந்தது.

ஒன்பதாயிரத்தில் எழுந்தாள்.
எண்ணாமல் உறைக்குள் மடித்து வைத்து
"மீதி உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றாள்,
சில்லறை இல்லாத நடத்துனரிடம் சொல்வதைப்போல.

பதிவேட்டில் எடை எழுதினேன், விட்டம் எழுதினேன்.
கிடைத்த இடம் எழுதினேன்.
விலைக் கட்டத்தில் பேனா நின்றது.
மை ஊறிப் புள்ளியானது.

காலையில் கருவாட்டு லாரி
சுமையிறக்கித் திரும்பி வந்தது.
மேடையில் வண்டியை விட்டுவிட்டு
இரண்டு கையிலும் டீயோடு வந்தார் முனியராஜ்.

"ஏறும்" என்றேன்.

என்ன?

"வண்டியில ஏறி உட்காரும்."