பதினான்காம் பாகை

டீசல் இல்லாத அந்த நோன்பு மாதத்தில்தான்
நான் அதிகம் டீசல் எரித்தேன்,
ஒலுவில் வளாகத்தில், இரண்டாம் மாடியில்,
விசிறி கரகரக்கும் ஒரு கணினிக்குள்.

ஒற்றைச் சிலிண்டர். சம்மாந்துறை வயல்களில்
கையால் பிடித்து உழும் மிஷினில் இருப்பதே.
எண்ணெய் பீச்சும் மூக்கில் நான்கு துளை.
நான்கும் ஒன்றுபோல என்று எழுதிக்கொண்டால்
கால்வாசி போதும்,
வட்டிலப்பத்தில் ஒரு துண்டை வெட்டி
முழுத் தட்டின் இனிப்பைச் சொல்வதுபோல.

அந்தத் துண்டை வலையாகப் பின்னினேன்.
முதலில் கண் பெரிது; புகைக்கரி
கீரிமீனாய் நழுவிப் போயிற்று.
கண்ணைச் சிறுப்பித்தேன். நான்கு இலட்சம் கண்.
ஒவ்வொரு கண்ணும் அயல்கண்ணிடம் கேட்கும்:
உன் சூடு எவ்வளவு, ஒட்சிசன் மிச்சமிருக்கிறதா,
எந்த வேகத்தில் என் பக்கம் வருகிறாய்?
கேட்டுக் கேட்டு, பதில் ஒத்துப்போனபின்
ஒரு பாகை நகரும்.

எஞ்சினுக்கு இருபத்தொன்பது மில்லிசெக்கன்.
எனக்கு முப்பத்தொரு மணித்தியாலம்.

கரண்ட் அவ்வளவு நேரம் எங்கே நின்றது?
ஜெனரேட்டருக்கும் டீசல்தான் வேணும் என்றார்
காவலாளி தவராசா, சிரிக்காமல்.
பிஸ்டன் உச்சம் தாண்டிப்
பதினான்காம் பாகையில் திரை கறுத்தது.
உள்ளே சுவாலை அப்படியே நிற்கும் என்று நினைத்தேன்,
இரண்டாயிரத்து நானூறு கெல்வினில்
வாய் திறந்தபடி, ஒன்பது மணித்தியாலம்.
இல்லை. சேமித்த கோப்பில் எண்கள் இருந்தன.
சுவாலை எங்கேயும் இருக்கவில்லை.

நிப்ராஸுக்குக் கல்முனை செட்டில் அது மூன்றாம் இரவு.
கேனைக் கயிற்றில் கோத்து வரிசையில் விட்டுவிட்டு
பூட்டிய கடை வாசலில் படுத்தான்.
நோன்பு திறக்க யாரோ கஞ்சி கொடுத்தார்களாம்.
"உன்ர பெட்டிக்குள்ள எரியிறதில
ஒரு போத்தல் தாவன்" என்றான் போனில்.
சிரித்தேன். பிறகு கணக்குப் பார்த்தேன்.

ஒரு சுற்றுக்கு இருபத்திரண்டு மில்லிகிராம்.
நூற்று நாற்பத்து மூன்று ஓட்டம்.
மூன்று கிராமும் சொச்சமும்.
கால்துண்டைத்தானே எரித்தேன் என்று பார்த்தால்
ஒரு கிராம்கூட இல்லை.
ஒரு வருட ஆய்வு
கரண்டியின் குழியை நிரப்பாது.

பீச்சும் நேரத்தை இரண்டு பாகை முந்தவைத்தால்
புகைக்கரி குறையும்; நைத்திரிக்கு ஒட்சைட்டு ஏறும்.
பிந்தவைத்தால் மறுவளம்.
இரண்டும் தாழ்ந்த ஓர் இடத்தைத் தேடி
மாதம் முழுக்க வரைபடத்தில் புள்ளி புள்ளியாய் அலைந்தேன்.
ஜன்னலுக்கு வெளியே, பிரதான வீதியில்
அவ்வளவு துப்புரவான காற்று.
என் எந்த ஓட்டமும் அதைத் தொடவில்லை.
அலியாரின் எட்டு ஏக்கர் உழாமல் கிடந்தது.

பெருநாள் போய் இரண்டு கிழமையில் பவுசர் வந்தது.
ஆய்வுகூடத்து எஞ்சினைச் சுற்றி எழுப்பினோம்.
அளந்த வளைகோடும் என் வளைகோடும்
அக்கா தங்கை போலச் சேர்ந்து ஏறி,
பதினான்காம் பாகையில், வேறு எங்குமில்லை, அங்கேதான்,
பிரிந்தன.
புகைக்குழாயில் கட்டிய வெள்ளைத்துணி
நான் சொன்னதைவிட மும்மடங்கு கறுப்பு.

சசிதரன் மூக்கைக் கழற்றி
ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்தார்.
நான்கில் ஒன்று அடைத்திருந்தது.

நான்கும் ஒன்றுபோல என்று எழுதியது நான்தான்.
செட்டிலும் அப்படித்தான் எழுதியிருந்தார்களாம்,
ஆளுக்கு ஐந்து லீட்டர் என்று, சோக்கால்.
நிப்ராஸ் வெறுங்கேனோடு வந்த அன்றும்
அந்தப் பலகை அழிக்கப்படவில்லை.

இப்போது வலை முழு வட்டம்.
பதினாறு இலட்சம் கண்.
ஒரு துளையை மட்டும் மூடிவைத்து
ஓடவிட்டிருக்கிறேன்.
நூற்று இருபத்து நான்கு மணித்தியாலம் என்கிறது.
கரண்ட் போனால் எந்த நேரமென்றாலும் எடுங்கள் என்று
தவராசாவிடம் நம்பரைக் கொடுத்துவிட்டு
நிந்தவூர் பஸ்ஸுக்கு நிற்கிறேன்.
வருகிறது. புகையை முதலில் பார்க்கிறேன்.