விலைக் கட்டம்

பெலோட்டாஸ் நகரம். ஆகஸ்ட் மாதத் தூறல்.
கையெழுத்துக்குச் சான்று தரும் அலுவலகத்தில்
மூன்றாம் ஜன்னல் என்னுடையது.
முத்திரை, மை, கண்ணாடித் தடுப்பு,
பேசுவதற்கென்று அதில் துளைத்த ஏழு ஓட்டைகள்.

நாற்பத்தொன்பதாம் எண்ணுக்கு இருவர் வந்தார்கள்.
ஜுரேமா, கல்யாண வீடுகளுக்கு
மஞ்சள்கரு இனிப்பு செய்து அனுப்புகிறவள்.
நகத்தோரம் சர்க்கரை காய்ந்திருந்தது.
அடெமார், பாஜேயிலிருந்து விடியலுக்கு முன்பே பேருந்தேறியவன்.
கூரையில் ஒலிபெருக்கி கட்டித்
தெருத்தெருவாய் முட்டை விற்க ஒரு வேன் வேண்டும் அவனுக்கு.

"நல்ல வேன்" என்றான்.
"போன வருஷம்தான் கிளட்ச் மாற்றினேன்" என்றாள்.
அதோடு சரி.
இருவரும் மழையைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

பதினோரு வருஷமாய் இந்த நாற்காலியில் இருக்கிறேன்.
விற்கிறவர் வாங்குகிறவர் முகத்தைப் பார்ப்பார்,
வாங்குகிறவர் டயரைப் பார்ப்பார்.
மழையை யாரும் பார்த்ததில்லை.

பெயர், முகவரி, எஞ்சின் எண்,
எல்லாம் நிரப்பியாயிற்று.
மிச்சம் ஒரே கட்டம்.
"விலை?"

அவன் கைபேசி அதிர்ந்தது.
அவள் சாவியைத் திருகிக்கொண்டிருந்தாள்.
"வெறுமையாய் விட எனக்கு அதிகாரமில்லை" என்றேன்.

"நாற்பத்திரண்டாயிரம்."
"பத்தொன்பது."
ஒரே மூச்சில், இரண்டு வாய்.

முதலில் ஒருவரையொருவர்தான் சந்தேகித்தார்கள்.
நீயும் அவன் ஆளா என்று அவள்.
அதையே அவன், கொஞ்சம் உரக்க.
பிறகு இரண்டு கைபேசிகளும்
என் ஜன்னல் விளிம்பில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.
இரண்டிலும் கழுத்துப்பட்டி கட்டிய அதே முகம்,
வக்கீல் கிளேபர்.

அவளுக்கு எழுதியிருந்தான்:
என் மைத்துனன் வருவான், அவனுக்கு நான் கடன்பட்டவன்,
வேனைக் கொடுத்துக் கழிக்கிறேன், விலை அவன் காதில் விழ வேண்டாம்.
இவனுக்கு:
வேன் என் அண்ணியின் பெயரில் இருக்கிறது,
சொத்துச் சண்டை, மனசு புண்பட்டவள்,
அவளிடம் விலை பேசாதே.

முன்பின் பார்த்திராத இருவரை
ஒரே காலையில் உறவாக்கியிருந்தான்.
அவள் போட்ட விளம்பரத்திலிருந்து நான்கு படங்களை உருவி
பாதிக்கும் குறைவாய் ஒரு விலை எழுதினான், அவ்வளவுதான்.
நான்காம் படத்தின் ஓரத்தில்
அவள் நாயின் வால்கூட அப்படியே இருந்தது.

சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடிக்கும் தரகன்
நேரில் வந்து நிற்பான்,
அவன் உள்ளங்கை வியர்ப்பது தெரியும்.
இவனோ இருவர் விரலையும்
எங்கிருந்தோ பிடித்திருந்தான்.

முன்பணம் இரண்டாயிரம்
நேற்றிரவே போய்விட்டது, யாரோ ஒரு பெண் பெயருள்ள கணக்குக்கு.
மீதிப் பதினேழும் அடெமாரின் திரையில்
ஒரு கட்டைவிரல் தூரத்தில் நின்றது.
மறுபடி அதிர்ந்தது கைபேசி:
கையெழுத்து ஆயிற்றா? அனுப்பிவிடு.

படிவத்தின் குறுக்கே கோடு கிழித்தேன்.
காவல் நிலையம் எந்தப் பக்கம் என்று கேட்டான்.
"ஏறு, கொண்டுபோய் விடுகிறேன்" என்றாள்
அண்ணியாய் அரைமணி நேரம் இருந்தவள்.

மூன்றாம் முறைதான் வேன் கிளம்பியது.
கிளட்சைச் சொன்னவள்
பேட்டரியைச் சொல்லவில்லை.

ஐம்பதாம் எண்ணைக் கூப்பிட்டேன்.
அன்றிலிருந்து, பெயரைக் கேட்குமுன்
விலையைக் கேட்கிறேன்,
ஏழு ஓட்டைகளுக்கும் கேட்கும்படி.
கோபித்துக்கொள்கிறார்கள்.