காந்தம் விழ வேண்டும்

உபி தொழிற்பேட்டை, நான்காம் மாடி.
சரக்கு மின்தூக்கியில் ஏறி வந்திருக்கிறது
அறுபதைத் தாண்டிய வெதர்பி,
தன் காலால் அல்ல.
இந்த ஆண்டு சாலையில் ஓட
அதற்குக் கொடுத்த நாள்கள்
ஆகஸ்டிலேயே தீர்ந்துவிட்டன.

திரு கோ வீ லியாங் ஒரே கேள்வியோடு நிற்கிறார்:
முதல் வரிசையா, இரண்டாம் வரிசையா?
கேள்விக்குள் ஒரு தொகை இருக்கிறது.
அதை அவர் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

முதலில் காந்தம்.
குளிர்பதனப் பெட்டியில் ஒட்டும் சாதாரணக் காந்தம்தான்,
என்னுடையது டுரியான் வடிவம்.
கதவில் வைத்தேன், விழுந்தது.
முன்மூடியில் வைத்தேன், விழுந்தது.
அலுமினியம் என்றால் விழ வேண்டும்.
பிடிப்பு இல்லை என்பதே
இந்தத் தொழிலில் நல்ல சேதி.
இடது முன் மட்கார்டில் மட்டும்
டுரியான் கவ்விக்கொண்டது.

திரு கோ தொண்டையைச் செருமினார்.
'அப்பா. எழுபத்தொன்று. புக்கிட் தீமா சாலை.
மழை. ஒரு லாரி.'
அவர் சொன்ன மொத்தக் கதையும் அவ்வளவுதான்.

முதல் வரிசை என்றால்
முன்மூடியில் காற்றுக் கீற்று பதினான்கு,
கதவின் அடிமுனை அரிவாளாய் வளையும்.
இரண்டாவதுக்குக் கீற்று பதினாறு,
கதவு கத்தியாய் நேரே இறங்கும்,
வால் அரை அங்குலம் தூக்கி நிற்கும்,
குளத்தை விட்டு ஏறிய வாத்துபோல.
இதற்கோ
கீற்று பதினான்கு. கதவு அரிவாள்.
வால், வாத்து.

'ஒட்டுவேலை மேடம்' என்றான் ஹம்ஸா,
கோப்பிப் பையின் உறிஞ்சுகுழலைக் கடித்தபடி.
'செத்த வண்டி ரெண்டு, உடம்பு ஒண்ணு.'
இருக்கலாம்.
அப்படி நிறையப் பார்த்திருக்கிறேன்.

டார்ச்சோடு பின்பெட்டிக்குள் தலையை விட்டேன்.
வெளியே மெருகேற்றியவர்கள்
உள்ளே யார் பார்க்கப்போகிறார்கள் என்று
சுத்தியல் தடங்களை அப்படியே விட்டிருந்தார்கள்.
மீன்செதிலாய் ஒன்றன்மேல் ஒன்று,
எல்லாம் வலப்பக்கமிருந்து சாய்ந்து.
கதவின் உள்தோலைக் கழற்றச் சொன்னேன்.
அங்கேயும் அதே செதில், அதே சாய்வு,
ஏழெட்டு அடிக்கு ஒருமுறை
கனமாய் ஓர் அடி,
நடுவில் யாரோ கூப்பிட்டுத்
திரும்பிப் பார்த்தவன்போல.

இடக்கைக்காரன்.
ஒரே ஆள்.
கதவை முடித்து வாலுக்கு வருவதற்குள்
வரைபடத்தை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.
அல்லது யாரும் கொடுக்கவில்லை,
திங்கட்கிழமை காலை
அவனுக்கே அப்படித் தோன்றியிருக்கிறது.

தோ பாயோ கண்ணாடிக் கடைக்காரர்
என் கண்ணாடியின் ஒரு காலை மட்டும்
ஒவ்வொரு முறையும் வளைத்துத் தருவார்.
'உங்க வலது காது கொஞ்சம் கீழே.'
ஐம்பது வயதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை.

படிவத்தில் இரண்டே கட்டங்கள்.
ஒன்றில் குறியிட்டால் திரு கோவுக்கு நல்ல தூக்கம்,
மற்றதில் இட்டால்
கடல் தாண்டி எவருக்கோ.
நடுவில் இருந்த வெள்ளைக் கீற்றில்
எழுத்தைச் சிறிதாக்கி எழுதினேன்:
கதவும் வாலும் ஒரே கை, இடக்கை.
இடது மட்கார்டு எஃகு, வேறு கை.
'கடைசி வரி வேண்டுமா?' என்றார்.
எழுதிவிட்டேன் என்றேன்.

அப்புறம்தான் அந்த மட்கார்டின் உள்ளே
கறுப்புச் சாயத்தில் சீன எழுத்துகள் கண்ணில் பட்டன.
எனக்கு வாசிக்கத் தெரியாது.
திரு கோ இஸ்திரிச் சட்டையோடு மண்டியிட்டு,
தலையைச் சாய்த்து,
வெகுநேரம் பார்த்தார்.
'வெள்ளிக்கிழமைக்குள்' என்றார்.
கொஞ்சம் பொறுத்து,
'பெயர் இல்லை' என்றார்.

பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது
ஹம்ஸா அழைத்தான்:
'மேடம், உங்க டுரியான்!
இங்கேயே ஒட்டிக்கிட்டிருக்கு.'
இருக்கட்டும் என்றேன்.
மழை பிடித்துவிட்டது,
இருபத்தியிரண்டாம் எண்ணும்
வந்துகொண்டிருந்தது.